பொம்மைக் காட்சி கட்ட அட்டையா, தெர்மாகோலா, சன்போர்டா, மண்ணா?

கொலுவில் பார்க் கட்டிப் பழகிய கைக்கு அந்த ஒன்பது நாள் போதாது. பொம்மைகளைத் திரும்பத் துணியில் சுற்றி வைக்க மனம் வராமல், மேசைமேல் ஒரு மாங்காய் மண்டி, ஒகேனக்கல் பரிசல் துறை, கேழ்வரகு அடிக்கும் களம், பாட்டி வீட்டு அடுப்படி என்று சின்னச் சின்னக் காட்சிகள் கட்டிப் போனில் படமெடுக்க ஆரம்பிப்பவர்கள் முட்டிக்கொண்டு நிற்பது ஒரே கேள்வியில்: எதில் கட்டுவது? தர்மபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ இதற்கென்று தனிக் கடை தேட வேண்டியதில்லை. ஸ்டேஷனரி கடை, ஹார்டுவேர் கடை, சன்போர்டு என்னும் பிவிசி நுரைப் பலகை கிடைக்கும் ஃபிளெக்ஸ் கடை, மளிகைக் கடைக்காரர் வெளியே போடும் காலிப் பெட்டி, வீட்டு வாசல் மண் ஆகியவற்றில் எல்லாமே அடங்கிவிடும். குழப்பம் தேர்ந்தெடுப்பதில்தான்.

பலர் விலையை வைத்து முடிவு செய்கிறார்கள். அங்கேதான் சறுக்குகிறது. கேமரா எந்தப் பகுதிக்கு எவ்வளவு அருகில் போகப்போகிறது என்பதை வைத்துத்தான் பொருளை முடிவு செய்ய வேண்டும். ஒரு முழம் தள்ளி நின்றால் வீடாகத் தெரிவது, ஒரு சாண் தூரத்தில் போனை வைத்தால் வெள்ளை மணிகளாகவும் பெட்டி ஓட்டைகளாகவும் தெரியும்.

## அளவு சரியில்லையென்றால் எந்தப் பொருளும் உதவாது

165 செ.மீ. ஆள் என்று வைத்துக்கொண்டு, அதைப் பொம்மையின் உயரத்தால் வகுத்துவிடுங்கள். 8 செ.மீ. பொம்மை என்றால் ஏறக்குறைய 20 வரும். இனி எல்லாவற்றையும் 20-ஆல் வகுக்க வேண்டும். ஏழடிக் கதவு 10.7 செ.மீ., திண்ணை 2.25 செ.மீ., ஒரு படி ஏழரை மி.மீ., ஏழடி அகலப் பரிசல் பத்தரை செ.மீ.

இதில் அதிகம் பேர் கோட்டை விடுவது சுவரின் கனத்தில். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் இந்தக் கணக்கில் 11 மி.மீ.க்குச் சற்று மேலே. பழைய ஒன்றரை அடி மண்சுவர் 2.25 செ.மீ. ஆனால் பெரும்பாலானோர் 3 மி.மீ. அட்டையை அப்படியே நிறுத்திச் சன்னல் வெட்டிவிடுகிறார்கள். நிஜத்தில் அது இரண்டரை அங்குலச் சுவர்! சன்னல் ஓரத்தைப் பார்த்ததுமே காகிதம் என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும். வண்ணம் எவ்வளவு நன்றாக அடித்தாலும் அதை மறைக்க முடியாது.

செப்புச் சாமான் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 4 செ.மீ. செப்புப் பானை, 8 செ.மீ. பொம்மையின் பக்கத்தில் 80 செ.மீ. அண்டாவாகிவிடும். அதே பானை 29 செ.மீ. பார்பி வகைப் பொம்மைக்குச் சரியான சோற்றுப் பானை. அந்தப் பொம்மைக்கு வகுக்கும் எண் 6-ஐ ஒட்டி வரும், பத்தடி அறைக்கு 50 செ.மீ. இடம் வேண்டும். சின்னப் பொம்மைக்கு அதே அறை 15 செ.மீ.யில் முடிந்துவிடும். வீட்டில் இடம் குறைவென்றால் சின்னப் பொம்மையை எடுத்துக்கொண்டு பாத்திரங்களைக் களிமண்ணிலோ, பிசைந்து ஓட்டை அடைக்கும் எம்-சீலிலோ உருட்டிச் செய்துகொள்வது மேல். கீழே உள்ள அளவுகள் எல்லாம் 8 செ.மீ. பொம்மைக்கானவை.

## எதை வைத்து எடைபோடுவது

ஐந்து கேள்விகள் போதும். ஒரு சாண் தூரத்துப் படத்தில் அந்தப் பொருள் எப்படித் தெரியும்? வெட்டிய ஓரம் எப்படி இருக்கும்? கையில் இருக்கும் பசையையும் வண்ணத்தையும் ஏற்குமா? ஈரம், பூச்சி, வெயில் தாண்டி எத்தனை நாள் நிற்கும்? வெளிச்சத்துக்காகத் திண்ணைக்கும் மாடிக்கும் தூக்கிக்கொண்டு போக முடியுமா? கடைசிக் கேள்வியை அற்பமாக நினைக்க வேண்டாம். நகர்த்த முடியாத காட்சியை அறை விளக்கில்தான் எடுத்தாக வேண்டும்.

| | பெட்டி அட்டை | தெர்மாகோல் | சன்போர்டு | மண், கல் |
|---|---|---|---|---|
| அருகில் படத்தில் | ஓரத்தை மூடினால் நன்று | சுவர்ப் பட்டி (புட்டி) பூசாவிட்டால் மோசம் | நன்று, ஆனால் பளபளப்பு | மிக நன்று |
| வெட்டுவது | எளிது | மணி உதிரும் | மிகச் சுத்தம் | பொருந்தாது |
| ஒட்ட | ஃபெவிகால் | ஃபெவிகால் மட்டும் | ஃபெவிக்விக் | ஃபெவிகால் தண்ணீர் |
| தண்ணீர் பட்டால் | வளையும் | ஒன்றும் ஆகாது | ஒன்றும் ஆகாது | மண் கரையும் |
| பூச்சி | வரும் | குறைவு | வராது | வராது |
| எடை | லேசு | மிக லேசு | லேசு | கனம் |
| கண்ணில் படாத செலவு | நேரம் | பட்டி, காயும் நாட்கள் | உப்புத்தாள், பிரைமர் | தூக்கும் சிரமம் |

## பெட்டி அட்டை

புதிதாகத் தொடங்குபவருக்கு முதலில் சொல்ல வேண்டியது இதைத்தான். காசில்லாமல் கிடைப்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் அதன் உள்ளே இருக்கும் நெளி.

ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் ஒரு நெளிக்கும் அடுத்த நெளிக்கும் ஏறக்குறைய 146 மி.மீ. இருக்கும். 20-ஆல் வகுத்தால் 7.3 மி.மீ. தடித்த பெட்டி அட்டையின் நெளியும் ஏழு, எட்டு மி.மீ.க்குள்தான் வரும். மேல்தாளை உரித்தால் மண்டிக் கூரை தயார். உரிக்கத் தனிப் பக்குவம் உண்டு. ஈரத்துணியை மேல்தாள்மேல் இரண்டு மூன்று நிமிடம் போட்டு, ஒரு மூலையிலிருந்து நெளியின் போக்கிலேயே உரிக்க வேண்டும். தண்ணீரில் முக்கினால் நெளி படுத்துவிடும், பிறகு எழாது. உரித்ததை அசைக்காமல் காயவிட்டால் பழைய விறைப்பு வந்துவிடும்.

நாட்டு ஓட்டுக் கூரைக்கும் இதே நெளி கைகொடுக்கும். நெளிக்குக் குறுக்காக 1 செ.மீ. அகலப் பட்டைகள் வெட்டி, இறவாணத்திலிருந்து மேல்நோக்கி, ஒன்றின்மேல் ஒன்று 4 மி.மீ. ஏறும்படி ஒட்டிக்கொண்டே போங்கள். 15 செ.மீ. சரிவுக்கு 25 பட்டை ஆகும். வரிசைகள் நூல் பிடித்தாற்போல் இருந்தால் பொய்யாகத் தெரியும். அங்கங்கே ஒரு பட்டையை ஒரு மி.மீ. இறக்கி ஒட்டினால் வயதான கூரையாகிவிடும். முதல் பூச்சு செங்காவி. காய்ந்ததும் நீர்த்த கறுப்பை மேலிருந்து கீழே இழுத்தால் அது பள்ளங்களில் தங்கி ஓட்டுக்கு உருவம் கொடுக்கும்.

சுவருக்கு 5 மி.மீ. அட்டை இரண்டை ஒட்டுங்கள். ஒன்றின் நெளி நின்றவாக்கிலும் மற்றதன் நெளி படுத்தவாக்கிலும் இருக்கட்டும். சுவர் கனமும் சரியாக வரும், அட்டையும் வளையாது. ஒற்றை அட்டையின் ஒரு பக்கம் மட்டும் வண்ணம் அடித்தால், காயும்போது அந்தப் பக்கம் சுருங்கி இழுத்து அட்டை வில்லாகும். அப்படி ஆகிவிட்டால் பின்பக்கத்தையும் அதே அளவு ஈரமாக்கி, கனமான புத்தகங்களுக்கு அடியில் ஓர் இரவு வைத்தால் பெரும்பாலும் நிமிர்ந்துவிடும்.

கட்டர் கத்தியை ஒரே அழுத்தில் இழுக்கக் கூடாது. மூன்று நான்கு முறை லேசாக இழுத்து வெட்டுங்கள். முனை மழுங்கினால் தயங்காமல் ஒரு துண்டு ஒடித்துவிடுங்கள். மழுங்கிய முனை நெளியை நசுக்கிவிடும், அந்த நசுங்கல்தான் படத்தில் முதலில் கண்ணில் படும். வெட்டிய ஓரங்களில் தெரியும் ஓட்டைகளை மெல்லிய தாள் பட்டையால் மூட வேண்டும். கதவு, சன்னல், மேசை, தள்ளுவண்டி போன்ற நுணுக்கமான வேலைகளுக்குப் புத்தகம் பைண்டு செய்யும் 2 மி.மீ. மில்போர்டு. அதில் ஓட்டைத் தொல்லை கிடையாது.

அட்டையின் உண்மையான எதிரி பூச்சி. மைதாப் பசை போட்டால் கரப்பான் தேடி வரும், ஃபெவிகாலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தரையில் வைத்தால் கரையான் ஏறும் ஊர் இது. மழைக்காலத்தில் பரண்மேல் வைப்பதானால் பாலித்தீன் பையில் கட்டி வையுங்கள்.

## தெர்மாகோல்

மலைக்கு இதற்கு ஈடில்லை. கிருஷ்ணகிரியைச் சுற்றி நிற்கும் உருண்டைப் பாறைக் குன்றுகளை 40 செ.மீ. உயரத்துக்கு எழுப்பிய பிறகும் ஒரு விரலால் தூக்கிவிடலாம். ஒரு அங்குலத் தகடு 20 மடங்கில் 50 செ.மீ. ஆவதால், பழைய மண்சுவரின் கனமும் தானாகவே கிடைத்துவிடும்.

ஆனால் தெர்மாகோலை அப்படியே யாரும் படமெடுக்க முடியாது. அதன் மணி ஒன்று 3 மி.மீ. என்றால் பாறையில் அது 6 செ.மீ. கொப்புளம். ஆகவே மேலே தோல் போட்டே ஆக வேண்டும். சுவருக்குப் பூசும் பட்டிப் பவுடர் மூன்று கரண்டி, ஃபெவிகால் ஒரு கரண்டி, தோசை மாவுப் பதம் வரும்வரை தண்ணீர். ஒரு மி.மீ. கனத்தில் ஒரு பூச்சு, நன்றாகக் காய்ந்ததும் இன்னொன்று. ஃபெவிகால் சேர்க்காத பட்டி, தெர்மாகோல் லேசாக வளைந்தாலே செதில் செதிலாகப் பெயர்ந்துவிடும். இந்தப் பட்டியும் காயும் நாட்களும்தான் தெர்மாகோலின் உண்மை விலை. தாளின் விலையைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

பாறை நிறம் ஒற்றைச் சாம்பல் இல்லை. வெளுத்த சாம்பலில் ஒரு துளி செங்காவி கலந்து அடியுங்கள். காய்ந்த பிறகு தண்ணீராகக் கரைத்த கறுப்பை உச்சியில் ஒரு சொட்டு விட்டுத் தானாக வழிய விடுங்கள். மழைநீர் வழிந்து வழிந்து பாறையில் படிந்த கருங்கோடுகள் அப்படியே வந்துவிடும். இதைத் தூரிகையால் வரைந்தால் வராது.

பசையில்தான் ஆபத்து. ரப்பர் பசை, ஸ்ப்ரே பெயின்ட், தின்னர் எல்லாம் தெர்மாகோலைக் கரைத்துவிடும். ஃபெவிக்விக்கும் அரிக்கும். ஃபெவிகால் ஒன்றே பாதுகாப்பு, ஆனால் இரண்டு தகடுகளுக்கு நடுவில் காற்று போக வழியில்லாததால் மறுநாள்கூட உள்ளே ஈரமாக இருக்கும். பல் குத்தும் குச்சிகளைச் சாய்வாகக் குத்திப் பிடித்து வைத்துவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். சூட்டுக் கம்பியால் அறுத்தால் மணி உதிராது, புகை வரும். சன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். மூடுபனிக்காக ஊதுபத்தியோ சாம்பிராணியோ காட்டுபவர்கள் நெருப்புக் கங்கைத் தெர்மாகோலுக்குப் பக்கத்தில் வைக்கவே கூடாது. உருகித் தீப்பற்றும்.

கேமராவிலிருந்து அரை மீட்டருக்கு அப்பால் இருக்கும் எதற்கும் தெர்மாகோல் போடலாம். பொம்மையின் கை படும் தூரத்தில் இருக்கும் எதற்கும் வேண்டாம்.

## சன்போர்டு

ஃபிளெக்ஸ் கடைகளில் பலகை வெட்டி மிஞ்சிய துண்டுகளைக் கேட்டு வாங்கினால் செலவு குறையும். 3 மி.மீ., 5 மி.மீ. கனங்களில் கிடைக்கும். கீறி ஒடித்தால் ஓரம் கத்தி போல் நேராக இருக்கும். ஃபெவிக்விக் நொடியில் பிடிக்கும். மைதீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் அழுத்திக் கோடு போட்டால் செங்கல் வரிசை பதியும். பேருந்து நிலையம், கடை வரிசை, டைல்ஸ் தரை போட்ட இன்றைய வீடு என்றால் இதுவே முதல் தேர்வு. பலமுறை கழற்றி மாட்டி வேறு வேறு படமெடுக்க நினைப்பவர்களுக்கும் இதுதான். வருடக்கணக்கில் வளையாது, பூச்சி தொடாது.

குறை அதன் வழவழப்பு. வண்ணம் ஒட்டாமல் நகத்தால் கீறினால் உரியும், பக்கவாட்டு வெளிச்சத்தில் வெள்ளைத் திட்டாக மின்னும். 220 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, பிரைமர் அடித்து, அதன்மேல்தான் வண்ணம் அடிக்க வேண்டும். இந்த இரண்டு வேலையைத் தவிர்த்தால் சன்போர்டு வாங்கியதே வீண். சூட்டுக் கம்பியை இதன் பக்கம் கொண்டுபோகாதீர்கள், பிவிசி சுட்டால் வரும் புகை நஞ்சு. ஃபெவிக்விக்கைப் பஞ்சின்மேல் சிந்தவும் விடக்கூடாது. பஞ்சு சூடேறிப் புகையும். மேகத்துக்கும் அடுப்புப் புகைக்கும் பஞ்சு வைப்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மண்வீட்டுக்கும் ஓலைக் குடிசைக்கும் சன்போர்டைப் பரிந்துரைக்க மாட்டோம். அந்த நேர்க்கோட்டை மறைக்கச் செய்யும் வேலையில் இரண்டு அட்டை வீடு கட்டிவிடலாம்.

## மண்ணும் கல்லும்

சுவர் எதிலிருந்தாலும் தரை மண்ணாக இருக்கட்டும். நம் செம்மண்ணின் நிறம் எந்தக் கடை வண்ணத்திலும் வராது. வாசல் மண்ணை வெயிலில் காயவைத்து, மாவுச் சல்லடையில் ஒரு முறை, டீ வடிகட்டியில் ஒரு முறை சலியுங்கள். மணல் துகள் ஒரு மி.மீ. இருந்தாலும் பொம்மைக்கு அது 2 செ.மீ. ஜல்லி. பலகையில் ஃபெவிகால் தடவி மண்ணைத் தூவிக் காய்ந்ததும் தட்டிவிடுங்கள். பிறகு ஒரு பங்கு ஃபெவிகாலில் மூன்று பங்கு தண்ணீர் கலந்து, சொட்டு மருந்துக் குழாயால் விட்டு இறுக்குங்கள். ஈரமாக இருக்கும்போது மண் கறுத்துத் தெரியும், பயப்பட வேண்டாம், காய்ந்தால் வெளுக்கும்.

முழுச் சுவரையும் களிமண்ணில் எழுப்புவது வேறு கதை. காயும்போது சுருங்கி வெடிக்கும், கோடையில் ஒரே பகலில் வெடிக்கும். ஊறவைத்து அரைத்த காகிதக்கூழ் கலந்து, ஈரத்துணி மூடி, நிழலில் மூன்று நாள் காயவிட்டால் வெடிப்பு குறையும். அட்டைச் சுவரின்மேல் 2 மி.மீ. பூச்சாகப் போடுவதே புத்திசாலித்தனம்.

வேலிக்கு ஊன்றும் கற்பலகைகளுக்கு கிரானைட் சில்லுகளே போதும். ஆனால் கிரானைட் அறுவைத் தூளை உலர்வாகக் கையாளாதீர்கள், சலிக்காதீர்கள். அந்தத் தூசி நுரையீரலுக்குக் கெடுதல்.

## கட்டியாயிற்று, வெளிச்சம்?

வெயிலா விளக்கா என்றால், பகல் காட்சிக்கு வெயில்தான். பொம்மைக்கும் மனிதனுக்கும் சூரியன் ஒரே மாதிரிதான் நிழல் போடும். விளக்கு அப்படியில்லை. 30 செ.மீ. அகலக் காட்சிக்கு 30 செ.மீ. தள்ளி விளக்கை வைத்தால், அருகு ஓரத்துக்குக் கிடைக்கும் வெளிச்சத்தில் கால் பங்குதான் தொலை ஓரத்துக்குப் போகும். நிழல்களும் விசிறி போல் விரியும். நிஜ உலகில் அப்படி ஒரு பகல் கிடையாது. விளக்கை ஒன்றரை மீட்டர் தள்ளினால் வித்தியாசம் ஒன்றரை மடங்குக்குள் அடங்கிவிடும். வெளிச்சம் போதவில்லையென்றால் விளக்கைக் கிட்டே இழுக்காமல் போனை ஸ்டாண்டில் நிறுத்தி ஷட்டரை அதிக நேரம் திறக்கவிடுங்கள்.

காலை ஏழு முதல் எட்டரை வரை சாய்வாக விழும் வெயில் களத்துக்கும் திண்ணைக்கும் பொருத்தம். உச்சி வெயிலில் பொம்மையின் கண் குழியாகிவிடும். வடக்குச் சன்னல் வெளிச்சம் மேகமூட்டப் பகலுக்குச் சமம், அடுப்படிக் காட்சிக்கு அழகு. சன்னல் வெளிச்சத்தோடு மஞ்சள் பல்பைச் சேர்த்தால் ஒரு பக்கம் நீலமும் மறுபக்கம் ஆரஞ்சுமாகும், ஒன்றை அணைத்துவிடுங்கள். மலிவு எல்இடி விளக்கில் படத்தின் குறுக்கே பட்டை பட்டையாக விழுந்தால் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 நொடிக்கு மாற்றினால் பெரும்பாலும் சரியாகும்.

இதற்காகப் பெரிய கேமரா வாங்கத் தேவையில்லை. பின்புலம் அதிகம் மங்கினால்தான் காட்சி சின்னதாகத் தெரியும். போனின் சின்ன சென்சாரில் ஆழம் நிறையத் தெளிவாக விழும், அது நமக்குச் சாதகம். கையில் டிஎஸ்எல்ஆர் இருந்தால் லென்ஸ் துளையை (அபெர்ச்சர்) எஃப் 11 முதல் 16 வரை வைத்து, ஸ்டாண்டில் நிறுத்தி எடுங்கள். போனில் போர்ட்ரெயிட் மோடு வேண்டாம், ஓலை நுனிகளையும் பொம்மை விரல்களையும் தின்றுவிடும். போனைத் தலைகீழாகத் திருப்பினால் லென்ஸ் தரையை ஒட்டி வந்து பொம்மையின் கண்மட்டத்துக்குச் சரியாக நிற்கும். ஒரேயடியாகக் கிட்டே போய் மங்கினால், 25 செ.மீ. தள்ளி வந்து 2 மடங்கு ஜூம் போடுங்கள்.

## எந்தக் காட்சிக்கு எது

மாங்காய் மண்டி: அட்டைச் சுவர், நெளிக் கூரை, மண் தரை. பெங்களூரா மாங்காய் 6 மி.மீ. வரும், எம்-சீலில் உருட்டி மூக்கைக் கிள்ளிவிடுங்கள். கூடை ஒன்றுக்கு நாற்பது ஐம்பது போதும், அடியில் தெர்மாகோல் துண்டு வைத்து மேலே மட்டும் அடுக்கலாம்.

பரிசல் துறை: பின்னால் தெர்மாகோல் பாறை, முன்னால் நிஜக் கல். தண்ணீருக்கு, அடிப்பக்கம் கரும்பச்சை அடித்த கண்ணாடி, அதன்மேல் ஃபெவிகாலைக் குத்திக் குத்தி வைத்த அலை. நிஜத் தண்ணீர் ஊற்றாதீர்கள், துளி எப்போதும் துளி அளவில்தான் இருக்கும், அளவு குட்டு உடைந்துவிடும்.

கடைத்தெரு: சன்போர்டு. வேறு யோசனையே வேண்டாம்.

கேழ்வரகுக் களம்: கனமான பலகையில் மண் மட்டும். இதை மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர்மேல் வைத்து, தூரத்து நிஜக் குன்றையே பின்புலமாக்கிவிடலாம். பலகையின் பின் ஓரம் குன்றின் அடிவாரக் கோட்டோடு சேரும்வரை போனை ஏற்றி இறக்குங்கள், நடுவில் இருக்கும் தெருவும் மின்கம்பமும் பலகைக்குப் பின்னால் மறைந்துவிடும். ஆடிக் காற்றில் தெர்மாகோல் காட்சியை மாடிக்குக் கொண்டுபோனால் பறந்துவிடும். மண் பலகை அசையாது.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், ஒட்டுவதற்கு முன் வெறும் பலகையில் பொம்மையை நிறுத்தி, போனை வைத்து ஒரு படம் எடுத்து, படத்தில் விழும் எல்லையைச் சாக்பீஸால் பலகைமேல் கோடு போட்டுக்கொள்ளுங்கள். கோட்டுக்கு வெளியே இருக்கும் நான்காவது சுவரையும் கூரையின் பின்சரிவையும் கட்டவே வேண்டாம். வெளிச்சம் உள்ளே வர வழியும் அதுதான்.